அழித்த பிறகு தெரிந்தது

காளவாசல் லேப்டாப் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கடைக்காரர் தலை நிமிராமல் சொன்னார்:

"எல்லாத்தையும் அழிச்சபெறகுதாம்மா தெரிஞ்சுச்சு, அழிச்சிருக்கவே வேண்டாம்னு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"ஓடும்போதே நின்னு போகுதுன்னு குடுத்தீங்க. விண்டோஸ் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டேன். அதுவும் பாதியில மூணு தடவ நின்னுருச்சு. அப்பறந்தான் உள்ள இருக்குற ரேம்ங்கற பார்ட்டை மாத்திப் பாத்தேன். கோளாறு அதுலதான். மொதல்லயே பாத்திருக்கணும்."

"எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கடைசியாப் பேசுன வீடியோ அதுலதாண்ணே இருந்துச்சு."

"அழிக்கலாமான்னு போன்ல கேட்டேனேம்மா. சரின்னீங்க."

"வேற வழியே இல்லன்னீங்க. அதான் சரின்னேன்."

கடைக்காரர் லேப்டாப்பை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்தார். அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.