முடியாத நாடகத்துக்குப் பொன்னாடையா?

நாடகம் எழுதி முடியவில்லை. இன்று காலையில்தான் எனக்கே தெரிந்தது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்லப் போகிறேன். மூட்டையில் ஈரம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் விலை பேசுவது எங்கள் வெல்ல மண்டி வழக்கம்.

இனி வணக்கம். இவ்விழாவுக்குத் தலைமை தாங்கி, தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து என்னைத் தவிப்போடு பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பண்டிதர் சடகோபனார் அவர்களே, மலையேறி முருகனைக் கண்ட கையோடு மண்தரையில் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டும் அணைக்க மறந்தும் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, ஆர்.கே.பேட்டையிலிருந்தும் மணவூரிலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் கலாரசிகர்களே, கழுத்து நிறைய மாலையும் கவிழ்ந்த தலையுமாக என் பக்கத்தில் வீற்றிருக்கும் என் தங்கை கணவர், ரயில் நிலையத்துப் பார்சல் குமாஸ்தா, நாடகாசிரியர் பக்தவச்சலம் அவர்களே, உங்கள் அனைவருக்கும் வெல்ல மண்டி எல்லப்பனின் பணிவான வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ‘மலையடிவாரத்து மனோரமா’ என்னும் மகத்தான நாடகத்தை இயற்றியவருக்கு மரியாதை செய்யக் கூடியிருக்கிறோம். வருகிற ஆடிக் கிருத்திகைக்கு நம் சபையில் அரங்கேற்றம் என்று சுவரெல்லாம் சுண்ணாம்பில் எழுதியாயிற்று. பொன்னாடை போர்த்தும் பொறுப்பு எனக்கு. ஆடையோடு நாடகத்தையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தால் அழகாக இருக்குமே என்று இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். துணியில் சுற்றிய கட்டொன்றைக் கொடுத்தார். பிரித்தேன். முத்து முத்தான எழுத்து. முதல் அங்கம் முடிந்தது, இரண்டாம் அங்கம் முடிந்தது, மூன்றாம் அங்கமும் வந்தது. மனைவியை அடித்துப் போட்டுவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிய கணவன், யுத்தத்தில் அனைத்தையும் இழந்து, கொட்டும் மழையில் வந்து கதவைத் தட்டுகிறான். அவன் போன பிறகு தன் கையால் சமைத்து, தன் காலில் நின்று, சத்திரத்துக்கு வருவோர்க்கெல்லாம் சோறு போட்டு வாழும் மனோரமா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். திறப்பாளா, மாட்டாளா? அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். வெறும் தாள்.

“கடைசி அங்கம் எங்க மாப்ளே?” என்றேன்.

“மனசுல இருக்குது பாவா.”

“மனசுல இருக்கறத நான் எந்தத் தட்டுல வெச்சுக் குடுக்கறது?”

“வரும் பாவா. அதுக்கு ஒரு வேளை வரணும்.”

வேளை. ஐயா, இந்த வேளை எந்த ரயிலில் வருகிறது? ரயில் நிலையத்திலேயே உத்தியோகம் பார்க்கும் என் மாப்பிள்ளைக்கும் அது தெரியவில்லை. முதலில், யுத்தத்தால் காகிதம் கிடைக்கவில்லை என்றார். மண்டியிலிருந்த காகிதத்தைக் கொடுத்தேன். அப்புறம் பேனா ஒழுகுகிறது என்றார். அப்புறம் தெருவில் இரைச்சல். அப்புறம் கோடை. கோடை போனால் திருவிழா, திருவிழா போனால் தலைவலி. காரணம் கற்பிப்பதில் காட்டிய கற்பனையில் கால்வாசியைக் கதையில் காட்டியிருந்தால் இந்நேரம் இரண்டு நாடகம் எழுதியிருக்கலாமே.

எழுதத் தெரியாதவரா? இல்லை. சோம்பேறியா? அதுவும் இல்லை, பார்சல் ஒன்று தவறினால் பதறுகிற மனிதர். பின்னே என்ன கோளாறு? அதை உங்களைக் கொண்டே காட்டுகிறேன். இந்தச் சபையைக் கேட்கிறேன்: மனோரமா கதவைத் திறந்தாளா?

மெதுவாக, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்காது, நானே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறேன். ஜவுளி வீராசாமி சொல்கிறார்: “தொறந்துட்டா நைனா. அவன் கால்ல வுழுந்து அழுதான், மனசு எளகித் தொறந்துட்டா.” ஆங், சரி. காப்பிக் கடைப் பெருமாள் எழுந்து மறுக்கிறார்: “எங்கிட்ட சொன்னப்போ அவ தொறக்கவே இல்ல. விடியற வரைக்கும் அவன் வெளியவே நனைஞ்சிகினு நின்னான்.” அதோ, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வண்டிக்காரர் துளசிங்கம் என்ன சொல்கிறார்? “ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. வந்தவன் புருஷனே கெடையாது. வேஷம் போட்டுகினு வந்த திருடன்.”

சிரிக்காதீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. ஒரே கதவு, ஒரே கை, ஊருக்கெல்லாம் ஒவ்வொரு முடிவு. காப்பிக் கடையில் ஒன்று, ஜவுளிக் கடையில் ஒன்று, வண்டி வாடகை பேசும் இடத்தில் ஒன்று. எழுதாத அங்கத்தை என் மாப்பிள்ளை எல்லோரிடமும் நடித்தே காட்டியிருக்கிறார். கேட்டவர்களெல்லாம் மெய்ம்மறந்து, ‘ஆகா, எழுதி முடித்துவிட்டார்’ என்று நம்பி, விழாவும் எடுத்துவிட்டீர்கள்.

மண்டியில் மாதிரி கொடுப்பது உண்டு. வாங்க வருகிறவன் ஒரு துண்டு கிள்ளி வாயில் போடுவான். அது நியாயம். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் ஒரு துண்டு, நின்றவனுக்கு இன்னொரு துண்டு என்று நாள் முழுதும் கிள்ளிக் கொடுத்தால் சாயங்காலம் என்ன மிஞ்சும்? கோணியும் எறும்பும் மிஞ்சும். மாப்பிள்ளை, கதை சொன்னீர், கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலிலேயே மனம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டது. வயிறு நிறைந்தவன் உலை வைப்பானா? வாயால் விற்றுத் தீர்த்த சரக்கைப் பேனா எங்கிருந்து கொண்டு வரும்?

தலைவர் அவர்கள் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். “எல்லப்பன், இது பாராட்டு விழா” என்கிறார். தெரியும் ஐயா. பாராட்டத்தான் பாடுபடுகிறேன். பாராட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டாமா? அடிவாரத்தில் நின்று ஆயிரம் அரோகரா போட்டாலும் மலை இறங்கி வராது. படிமேல் பாதம் வைக்க வேண்டும்.

இங்கே பாடல் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், படுதாவில் படம் தீட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கருப்பஞ்சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சினால் முதலில் மேலே வருவது என்ன? அழுக்கு. நுரை நுரையாக அழுக்கு. அதைப் பார்த்து, “ஐயோ, என் கரும்பு கெட்டது” என்று எந்தக் குடியானவனாவது கொப்பரையைக் கவிழ்க்கிறானா? அகப்பையால் அள்ளி எறிந்துவிட்டு நெருப்பைத் தள்ளுகிறான். முதலில் எழுதுவது அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டுமே. அடிக்க ஒன்று இருந்தால்தானே அடித்துத் திருத்தலாம்? வெறும் தாளை எவன் திருத்த முடியும்? பாகு காய்கிறபோது பக்கத்து வீட்டில் கல்யாணமென்றாலும் எழுந்து போகக் கூடாது. போனால் சாறும் இல்லை, வெல்லமும் இல்லை.

இன்னொன்று. நான் மண்டி திறக்க வேளை பார்ப்பதில்லை. மனம் மகிழ்ந்திருந்தாலும் திறக்கிறேன், மனைவியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும் திறக்கிறேன். கதவு திறந்திருந்தால் லட்சுமி வருவாள், வராமலும் போவாள். மூடிய கதவுக்கு அவள் வரவே மாட்டாள். கலைமகளுக்கு மட்டும் வேறு சட்டமா? தினம் ஒரே இடம், தினம் ஒரே நேரம், தெரு விழிக்குமுன் உட்கார்ந்துவிடு. எழுந்திருக்கும்போது எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டு எழாதே. நம் வீட்டுப் பெண்கள் சாம்பலுக்குள் தணலை மூடி வைப்பதில்லையா? அதுபோல ஒரு பேச்சைப் பாதியில் விட்டு வை. மறுநாள் ஊதினால் பற்றிக்கொள்ளும்.

என்ன வீராசாமி, “அவருக்குச் சொல்லு, எங்களை ஏன் திட்டற நைனா” என்கிறீரா? நீரும்தான் குற்றவாளி. காணும்போதெல்லாம் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுக் கேட்டுக் கறந்தது யார்? கன்றுக்கு வைக்காமல் கறந்துவிட்டு, இப்போது பசுவுக்கு மாலை போடுகிறீர்.

ஆகையால் இந்தப் பொன்னாடையை நான் போர்த்தப் போவதில்லை. மண்டிக்கே கொண்டு போகிறேன். நாடகமும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை. கிருத்திகைக்கு வழக்கம்போல் பழைய புராண நாடகத்தையே போட்டுக்கொள்ளுங்கள். தீர்ந்த மூட்டையை…

சற்று இருங்கள். தாய்மார்கள் பக்கம் யாரோ எழுந்திருக்கிறார்கள். என் தங்கை கௌரியம்மாள். சொல்லம்மா, கூச்சப்படாதே. எல்லோரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அண்ணா, மூட்டை தீரல. ஊருக்கெல்லாம் சொன்னாரே, எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லல. எழுதி முடிச்சிட்டுத் தரேன், நீயே படின்னாரு. கெணத்தடியில யாராவது மனோரமா பேச்சு எடுத்தா, காதைப் பொத்திகினு குடத்தோட ஓடி வந்துடுவேன். இப்போ மூணு பேரு சொன்னீங்களே, அது எதுவும் அவரு முடிவு கெடையாது. அவ கை தாழ்ப்பாள்ல இருக்கறப்போ என்ன நெனைச்சான்னு அவருக்குத் தெரியும். அத எழுதத்தான் பயப்படறாரு.”

மாப்பிள்ளை, இவள் சொல்வது உண்மையா? தலையை நிமிர்த்திச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? “நெசம் பாவா. அவ நாலாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சா, ஆனா பொய் எழுதினா கண்டுபிடிச்சிடுவா. அதான் கை வரல” என்கிறார்.

நான் தோற்றேன், ஐயா. ஊரெல்லாம் கிள்ளிக் கொடுத்தது வெறும் நுரை. பதமான பாகு ஒரு படி அடியில் பத்திரமாக இருக்கிறது. பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வீட்டிலேயே இருக்கும்போது எழுத்தாளனுக்கு வேறென்ன அதிர்ஷ்டம் வேண்டும்? பயம் வந்தால் வரட்டும். பயத்தோடு உட்காருங்கள், ஆனால் உட்காருங்கள்.

கோபமாகப் பேசியதைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், நடுநடுவே வம்பு பேசி எனக்கு வழி காட்டிய வீராசாமிக்கும், வெயிலோடு வந்து வியர்வையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, உங்கள் முன்னிலையில் இப்போது பேசி முடித்த ஒப்பந்தத்தை உரக்கச் சொல்லி அமர்கிறேன்.

நாளை முதல், என் மண்டிக் கதவு திறந்ததிலிருந்து சென்னைக்குப் போகும் காலை வண்டி ஊதும் வரை, மாப்பிள்ளை மண்டியின் பின்கட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுத்து வந்தாலும் வராவிட்டாலும் உட்கார வேண்டும். முடியும்வரை மனோரமாவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பெருமாள் காப்பி தரமாட்டார். ஊரார் யாரும் கேட்கக் கூடாது. பொன்னாடை இன்றே கௌரியிடம் போகிறது. விலை, கடைசி அங்கம். தவணை, ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் முன்பு. அவள் படித்து முடித்து, இது பொய்யில்லை என்று சொன்னால், அவளே போர்த்துவாள். இரு தரப்பும் சம்மதம். வணக்கம்.