பதினோரு நாள் நீலக் குழாய்

—மாமா, இது இன்னா ரிப்போர்ட்டு? பன்னெண்டு போன், பதிமூணு நாளு. எல்லாத்துக்கும் ஒரே பதில் எழுதி வெச்சிருக்கீங்க. ஆல் கரெக்ட், ஆல் கரெக்ட், ஆல் கரெக்ட்.

—கரெக்டா இருந்துது, கரெக்டுன்னு எழுதினேன். அதுல இன்னா தப்பு அமலா?

—நூத்தி ஐம்பத்தாறு வாட்டி எழுதியிருக்கீங்க. மொபைல்லயே ஃபார்ம் குடுத்தேனே, அதுல போடாம நோட்டுல வேற.

—ஃபார்முக்கு மார்ஜின் இல்ல. மார்ஜின் இல்லாதது ரிப்போர்ட்டா? இருபத்திரெண்டு வருஷம் தங்கச் சுரங்க ஷாஃப்ட்ல ஷிப்ட் ரிப்போர்ட் எழுதின கை இது. நீதான வந்து நின்ன? "சம்பங்கி மாமா, எங்கப்பா கூடப் பொறந்த அத்தைக்கு வீட்டுக்காரர் நீங்க, நீங்கதான் எனக்கு லீட் டெஸ்டர், உங்க லைன் வீடுங்கள்ல பன்னெண்டு போன் புடிச்சுக் குடுங்க"ன்ன. குடுத்தேன். தினம் காலைல ஆறு மணிக்கு வீடு வீடாப் போயி ஆஜர் எடுத்தேன். மரியகுழந்தை குறட்டை விட்டுகினு கெடந்தா எழுப்பி, உன் ஆப்பைத் தொறக்க வெச்சிட்டுத்தான் மறு வீட்டுக்குப் போனேன்.

—அந்த மனுசன எழுப்பினதுக்கு அவரு பொண்டாட்டி ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அதையும் நோட்டுல எழுதிக்கச் சொல்லு.

—கிருஷ்ணம்மா, ஆபீஸ் விஷயம் பேசிகினு இருக்கோம்.

—பேசுங்க, பேசுங்க. நான் காலி டிரம்மு மேல ஒக்காந்துகினு கேக்கறேன். அதுவும் நாற்காலி மாதிரி நல்லாத்தான் கீது.

—அத்தை, ஒரு நிமிஷம். மாமா, பன்னெண்டு பேரு பதினாலு நாளு விடாம வெச்சிருக்கணும், ஒருத்தர் அழிச்சாலும் திரும்ப ஒண்ணாம் நாள்லேர்ந்து எண்ணணும், ஆப்பை வெளியிடறதுக்கு அதான் ரூல். அத நீங்க காப்பாத்திட்டீங்க, சத்தியமா பெரிய விஷயம். ஆனா பீட்டான்னா இன்னான்னு அன்னைக்கே சொன்னேன் இல்ல? அரை வேக்காட்டுல எறக்கி வெச்ச சோறு மாதிரி. எங்க வேகலன்னு சொல்றதுக்குத்தான் டெஸ்டர். நீங்க பன்னெண்டு பேரும் ஏப்பம் விட்டுட்டு எழுந்து போயிருக்கீங்க.

—பரிமாறினவ நீ. உன் எதிர்ல எப்படிக் குறை சொல்றது?

—குறை சொன்னாதான் எனக்குப் பொழப்பு மாமா. இன்னைக்கு நாலு மணிக்கு அந்தத் தண்ணி ஆபீசர் போன் பண்ணுவாரு. அவரு சரின்னா ஊரு முழுக்க என் ஆப்பு. இல்லன்னா நான் தெருவுல. பெங்களூர் கம்பெனி என்னைக் கழட்டி விட்டு நாலு மாசம் ஆச்சு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தினம் சோத்து டப்பாவோட ரயிலேறிப் போயி, அங்க ஸ்டேஷன் பெஞ்சில ஒக்காந்து எழுதின ஆப்பு இது.

—எங்கண்ணனுக்குத் தெரியாதா? நாலு மாசமா?

—நீங்க சொல்லிடாதீங்க அத்தை.

—நான் எதுக்குச் சொல்றேன். ஆனா பெஞ்சில ஒக்காந்தா இடுப்பு புடிச்சுக்கும், ஒரு தலகாணி எடுத்துகினு போயிருக்கலாம்.

—சரி, உங்க போனைக் காட்டுங்க. நீங்களும் டெஸ்டர்தான. ஆப்பைத் தொறக்க வேணாம், முன்னாடி ஸ்கிரீன்லயே ஒரு குழாய் படம் நிக்கும் பாருங்க, அதான் விட்ஜெட். லைன்ல தண்ணி வந்தா நீலம், வரலன்னா சாம்பல்.

—தெரியும், தெரியும். நீலமாத்தான் கீது. நல்ல நீலம். எம்புள்ள ரவிகுமாரு நிச்சயத்துக்கு இந்தக் கலர்லதான் பொண்ணுக்குப் புடவை எடுத்தோம். கடைக்காரன்கிட்ட போனையே காட்டிட்டேன், பிசகாம எடுத்துக் குடுத்தான்.

—அப்ப இப்ப தண்ணி வருதா?

—எங்க வருது?

—நீலம்னா வருதுன்னு அர்த்தம் அத்தை.

—உன் அர்த்தம் உன்கிட்ட. என் குழாயத் தொறந்தா காத்துதான் வருது. நீ வந்து எங்களுக்கு ஏத்திக் குடுத்த மூணாம் நாளு ஒரு மணி நேரம் வந்துது. அன்னைக்கு நீலம் ஆச்சு. அதுக்கப்பறம் தண்ணி போயிடுச்சு, நீலம் போகல.

—மூணாம் நாள்லேர்ந்தா? இன்னைக்குப் பதினாலு. பதினோரு நாளா நீலம் மாறவே இல்லையா? மாமா, உங்க போன்ல?

—நீலம்.

—மரியகுழந்தை போன்ல?

—எல்லா போன்லயும் நீலம்தான். பன்னெண்டும் ஒரே மாதிரி. நான் தெனம் சரி பாத்தேன்.

—சரி பாத்தீங்களா? விட்ஜெட்டு அப்படியே ஒறஞ்சி போயி நிக்குது மாமா. ரெஃப்ரெஷ் ஆகவே இல்ல. இத ஏன் எழுதல?

—கோச்சுக்காத. ஷாஃப்ட்ல இன்ஸ்பெக்ஷன் வந்தா இன்னா பண்ணுவோம் தெரியுமா? எல்லாரும் வரிசையா நின்னு ஆல் கரெக்ட் சார்னு சொல்லுவோம். பைப் லீக்கா, கரெக்ட். ஆள எறக்கற கேஜ் இழுக்குதா, கரெக்ட். ஏன்னா குறை எழுதினவன எவன்னு பாத்து, அடுத்த ஷிப்ட் அவனையேதான் அந்த லெவலுக்கு எறக்குவான், போயி சரி பண்ணுன்னு. சைலஸுன்னு ஒருத்தன், வாய வெச்சுகினு சும்மா இல்லாம பம்பு சத்தம் போடுதுன்னு எழுதினான். எட்டு மாசம் அந்தப் பம்பு பக்கத்துலயே நின்னான். அதுலேர்ந்து எங்க செக்ஷன்ல குறைங்கற வார்த்தையே நோட்டுல கெடையாது.

—இங்க உங்கள யாரு மாமா எறக்கப் போறாங்க?

—என்னை இல்ல. உன்னை. நீலம் மாறலன்னு எழுதினா ஆபீசர் உன்னைத்தான கேப்பாரு? எங்க பொண்ணு மேல பன்னெண்டு பேரு கையெழுத்து போட்டுக் குறை சொல்றதான்னு லைன்ல எல்லாரையும் கூப்புட்டு நாந்தான் பேசினேன். ஒரு ஆளு மறுத்துப் பேசல.

—கடவுளே. பாசத்துல பண்ணியிருக்கீங்க.

—நீ ஏன் பாக்கல? உன் ஆப்பு, உன் குழாய்.

—நான் பாத்தேன் அத்தை. என் லேப்டாப்புல நீலம் தெரிஞ்சுது. நல்லா தண்ணி வருது போலன்னு சந்தோஷப்பட்டேன்.

—ராபர்ட்சன்பேட்டையில போர் போட்ட வீட்டுல கீற பொண்ணு, குழாய்த் தண்ணிக்கு ஆப்பு பண்ணா இப்படித்தான்.

—நெஜம்தான். சொல்லுங்க, வாங்கிக்கறேன்.

—நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி நம்ம லைனுக்கு டேங்கர் வர்ற நாளு. காலைலேர்ந்து ஆளக் காணோம். டிரைவர் விநாயக்குக்கு போன் போட்டேன். உங்க லைன் பேரு லிஸ்ட்டுலயே இல்லக்கா, நீலம் நீலம்ன்றான். ரேஷன்ல போடுவானே அந்த நீல மண்ணெண்ணெய், அதப் பத்தித்தான் ஏதோ சொல்றான்னு வெச்சுட்டேன்.

—லிஸ்ட்டுல இல்லையா?

—ஏன் மொகம் வெளுத்துப் போச்சு உனக்கு?

—அத்தை, உங்க போன்ல இன்னா கலரோ அதேதான் அந்த ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கற ஸ்கிரீன்லயும் தெரியும். டெஸ்டிங்கு ஆரம்பிச்ச அன்னைக்கே கனெக்ஷன் குடுத்துட்டேன். பதினோரு நாளா ராவும் பகலும் தண்ணி ஓடற லைனுக்கு எவனாவது டேங்கர் அனுப்புவானா?

—அப்போ?

—அப்போ அவ்ளோதான் கிருஷ்ணம்மா. நம்ம ரிப்போர்ட்டே நம்ம டேங்கர நிறுத்திடுச்சு.

—உன் ரிப்போர்ட்டுய்யா. நம்மன்னு என்னைச் சேக்காத. ஞாயித்துக்கெழம நிச்சயத்துக்குப் பங்காருபேட்டைலேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க நாப்பது பேரு வர்றாங்க. கை கழுவ இன்னா குடுக்கறது? நோட்டக் குடுக்கறதா?

—கோச்சுக்காதீங்க அத்தை. ரெண்டு நாள் வேலை, அந்த ரெஃப்ரெஷ்ஷ நான் சரி பண்ணிடுவேன். ஆனா டேங்கர் இன்னைக்கே திரும்பணும்னா, இதுல தப்பு இருக்குன்னு ஆபீசருக்கு இன்னைக்கே தெரியணும். மாமா, பேனா எடுங்க. பதினாலாம் நாள் ரிப்போர்ட்ட ஒழுங்கா எழுதலாம்.

—நானா?

—லீட் டெஸ்டர் நீங்கதான. எழுதுங்க. "விட்ஜெட் பதினோரு நாளாக வேலை செய்யவில்லை. தண்ணீர் வரவில்லை."

—தலைப்பு இன்னா போடறது?

—குறைன்னு போடுங்க.

—அமலா, அந்த வார்த்தைக்கு எனக்குக் கை வர மாட்டேங்குது.

—எழுதுய்யா. கல்யாண ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடறவன் மாதிரி ஏன் இழுத்தடிக்கற?

—இரு, இரு. கு, றை. போட்டுட்டேன். இந்தா பாரு, சம்பங்கி, கையெழுத்து, தேதி. என் ஆயுசுல மொத மொறையா. இத வெச்சு உனக்கு ஒண்ணும் ஆகாதே பொண்ணே?

—ஆகாது மாமா. பண்ணவளே தப்புன்னு ஒத்துகிட்டா மரியாதைதான் கூடும். ரிப்போர்ட்ட மறைக்கறதுதான் அசிங்கம். இந்த ஊர்ல எல்லாரும் ஆல் கரெக்ட், ஆல் கரெக்டுன்னே சொல்லிச் சொல்லித்தான் ஒண்ணும் உருப்படல. நானே நேரா சொல்றேன், பாருங்க.

—போன் அடிக்குது. அவருதானா?

—அவருதான். நாலு மணிக்குக் கரெக்டா. நமஸ்காரா சார். ஹௌது, ஆமா சார், அமலாதான் பேசறேன். சார், நானே கூப்புடணும்னு இருந்தேன். டெஸ்டிங்ல ஒரு விஷயம்... ம். பாத்தீங்களா சார்?

—இன்னா சொல்றாரு?

—கம்முனு இருய்யா, அவ பேசட்டும்.

—ஹௌது சார், பன்னெண்டு போனும். பதினோரு நாளும் நீலம்தான் சார், ஆனா அது வந்து... மேலிடத்துக்கே காட்டிட்டீங்களா? இந்த மாதிரி ரிசல்ட்டு எந்த ஊர்லயும் பாத்ததில்லன்னாங்களா?

—டேங்கரச் சொல்லு அமலா, டேங்கர.

—இல்ல சார், யாரும் சண்டை போடல. வீட்டுல விசேஷம், அதான் சத்தம். தாலுகா முழுக்கவா சார்? திங்கக்கிழமைலேர்ந்தேவா? நானா சார், இன்சார்ஜா? ஆர்டர்... கையில குடுத்துடுவீங்களா?

—பொண்ணே, குறைன்னு சொல்லு. எம்பேரப் போட்டே சொல்லு. சம்பங்கி எழுதிக் குடுத்தான், நோட்டு கீதுன்னு சொல்லு.

—நாப்பது பேரு அமலா.

—சார், லைன் கட் ஆகல, இருக்கேன். கேக்குது சார். கடைசியா கேக்கறீங்களா? டெஸ்டருங்க ஏதாவது குறை சொன்னாங்களான்னா?

—சொன்னேன்னு சொல்லு. இந்தா நோட்டு, உன் கையில புடி, பாத்துப் படி.

—ஆல் கரெக்ட் சார்.