மெதுவாகத்தான் போகச் சொன்னேன்

கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ரஸ் பெடர்சனும் அப்படித்தான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிவதைப் பற்றித்தானே மனிதனுக்குப் பேச வரும். உங்கள் ஷெரிஃப் ஆபீஸ் காப்பி நன்றாக இருக்கிறது, டெபுடி. சர்க்கரை வேண்டாம்.

நான் இன்று வந்தது ஹார்லனுக்காக. எங்கள் கார்ப் பந்தய ட்ராக்கில் டயர் மாட்டுகிறவன். ரஸ்ஸின் காரில் அவன் காற்றைக் குறைவாக அடித்துவிட்டான், அதனால்தான் ரஸ் செத்தான் என்று உங்கள் அறிக்கை சொல்கிறதாம். திங்கட்கிழமை அவன் மேல் வழக்குப் போடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். ஹார்லன் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது. ஏன் என்று நான் விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை, சொல்கிறேன்.

நான் அந்த ட்ராக்கில் பயிற்சியாளன். சனி, ஞாயிறுகளில் பல் டாக்டர்களும் வக்கீல்களும் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே திருப்புவது என்று சொல்லிக்கொடுப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய ஒருவருக்கும் இதுவரை நகக்கீறல் பட்டதில்லை. நான் ஜாக்கிரதைக்காரன். அதனால்தான் ரஸ் எனக்குக் 'கிழவி' என்று பேர் வைத்தான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் என் சிநேகிதன். ஷெபாய்கனில் பாலாடைக்கட்டி பொட்டலம் போடும் ஆலை வைத்திருந்தான், தெரிந்திருக்கும். போன இலையுதிர் காலத்தில் அதை விற்றுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் மீன் வறுவல் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என் தோளில் தட்டினான்.

"டேய் கிழவி, எனக்கு விளையாட ஒரு பொம்மை வேணும்டா. ஷோரூம் காரா, நிஜமான பந்தயக் காரா? நீதான் பாத்துச் சொல்லணும். நீ கை காட்டுறத வாங்கிக்கிறேன்."

"உனக்கு ஷோரூம் கார் போதும்" என்றேன்.

"பாத்தீங்களா, கிழவிக்கு இப்பவே மூச்சு வாங்குது" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேருக்கு முப்பது வருஷமாகச் சிரித்துச் சிரித்து எனக்கு அது பழக்கமாகிவிட்டது.

கவனியுங்கள், முதலில் நான் சொன்னது நல்ல யோசனை. அவன்தான் கேட்கவில்லை.

என் மனைவி டோரீன் பிப்ரவரியில் இறந்தாள். அடக்கத்துக்குப் போகும்போது சவ ஊர்திக்குப் பின்னால் என் காரை நானே ஓட்டிப் போனேன். வழி முழுக்கப் பனி. கல்லறையில் எல்லாம் முடிந்து, சர்ச் ஹாலில் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது ரஸ் என் முதுகில் கை வைத்து, சுற்றி நின்றவர்களிடம் சொன்னான்: "நம்ம கிழவி வாழ்க்கையிலேயே இன்னிக்குத்தான் சரியான வேகத்துல ஓட்டியிருக்கான்."

பாதிரியார்கூடச் சிரித்துவிட்டார். அவருக்கு உடனே வெட்கமாகிவிட்டது, பாவம். ரஸ் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான், எனக்குத் தெரியும். துக்கத்தில் இருப்பவனைச் சிரிக்க வைப்பது அவன் வழக்கம். ஆனால் டோரீன் வெளியே மண்ணுக்குள் இருந்தாள், இவர்கள் சிரித்தார்கள். கையில் இருந்த காகிதத் தட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவனுக்குப் போன் செய்து, யோசித்துப் பார்த்தேன், நிஜமான பந்தயக் காரே வாங்கு என்றேன்.

நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். ஷோரூம் காரை வாங்கி, அதைப் பிரித்து, இதை மாற்றி அதை மாற்றி ஓட்டுவதைவிட, ஆலையிலேயே பந்தயத்துக்கென்று கட்டின கார் எவ்வளவோ மேல். கார் புரண்டால் ஆளைக் காக்கிற இரும்புக் கூண்டு அதோடு பிறந்தது. தீயணைக்கும் குப்பி உள்ளேயே இருக்கும். பிரேக் நாள் முழுக்கச் சூட்டைத் தாங்கும். நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்ட முடியாது, டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அது அவனுக்குப் பெருமையாக இருக்கும் என்றும் தெரியும். விற்பனையாளர் இரண்டு சீட் வைத்ததைக் காட்டினார். நான் ஒற்றைச் சீட்டைக் கை காட்டினேன். எடை குறைவு என்றேன். அதுவும் உண்மைதான். பக்கத்துச் சீட் இல்லாவிட்டால் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது.

புதிதாகக் கற்பவர்களுக்கென்று வரி போட்ட டயர் உண்டு, முதல் வருஷம் அதில் ஓட்டட்டும் என்றார் அந்த விற்பனையாளர். நல்ல மனிதர். ரஸ் என் முகத்தைப் பார்த்தான்.

"அந்தக் காருக்கு என்ன டயரோ அதைப் போட்டு ஓட்டுறதுதான் மரியாதை" என்றேன்.

"கேட்டீங்களா? எங்க கிழவிக்கே துணிச்சல் வந்துடுச்சு" என்றான் ரஸ். அன்று அவனுக்கு ஒரே சந்தோஷம். சீட் செய்யும் நாளில் என்னைக் கூட அழைத்துப் போனான். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் நுரையை ஊற்றி, அதன் மேல் ஆளை உட்கார வைப்பார்கள். நுரை பொங்கி அவன் முதுகுக்கும் இடுப்புக்கும் அச்சாக இறுகிவிடும். "குப்பைப் பையில என் சூத்தைப் பத்திரப்படுத்தறாங்கடா" என்று கத்திச் சிரித்தான்.

இப்போது டயருக்கு வருகிறேன். வரி தேய்ந்த டயரை மொட்டை டயர் என்று நீங்கள் அபராதம் போடுவீர்கள். பந்தயக் காரில் டயர் பிறக்கும்போதே மொட்டை. அது ரோட்டைப் பிடிப்பது சூட்டினால். சூடானால் பசை மாதிரி ஒட்டும். குளிர்ந்திருந்தால் சோப்புக் கட்டி. சூடாகும்போது உள்ளே காற்று விரியும். ஆகவே கிளம்பும்போது குறைவாகத்தான் அடிக்க வேண்டும். ஹார்லன் அடித்த அளவு அதுதான். அந்த டயர் கடைசிவரை சூடாகவே இல்லை. உங்கள் ஆட்கள் அளந்தபோது காற்று குறைவாக இருந்தது அதனால்தான். பிரேக்கும் அதே ரகம். சூடாகாத பந்தய பிரேக்கை மிதித்தால் மரக்கட்டையை மிதித்த மாதிரி இருக்கும்.

அவற்றை எப்படிச் சூடாக்குவது? வேகமாக ஓட்டி. வேறு வழி எங்கள் ட்ராக்கில் இல்லை. கிளம்பின உடனே, நேர் பாதையிலேயே, நன்றாக மிதித்து, பிரேக்கை ஓங்கி அழுத்தி, திரும்ப மிதித்து, திரும்ப அழுத்தி, அப்படித்தான் உயிர் வர வைக்க வேண்டும். ஷோரூம் காரில் முதல் சுற்று மெதுவாகப் போகிறவன் பிழைப்பான். இந்தக் காரில் மெதுவாகப் போகிறவனுக்குத்தான் ஆபத்து. இது பந்தயக் கார் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ரோட்டுக் காரை மட்டும் ஓட்டிப் பழகினவனுக்குத் தெரியாது. யாராவது சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருவது என் வேலை.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. சாக்கடை ஓரங்களில் இன்னும் பனி கிடந்தது. லெனோர், ரஸ்ஸின் மனைவி, பெக்கான் பருப்பு வைத்த கிரிங்கிள் என்கிற இனிப்பு ரொட்டியைக் கொண்டுவந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தாள். ஹார்லன் டயரைப் பார்த்துவிட்டு அடுத்த காருக்குப் போனான். ரஸ் உள்ளே இறங்கி உட்கார்ந்தான். பெல்ட்டை நான்தான் இறுக்கினேன்.

"ரஸ், நல்லாக் கேட்டுக்கோ. முதல் ரெண்டு சுத்து மெதுவா உருட்டிக்கிட்டுப் போ. பிரேக்கைத் தொடாத. புதுக் கார், அது உன்னைப் பழகட்டும். மூணாவது சுத்துல இருந்து உன் இஷ்டம்."

"சரிங்க கிழவி அம்மா" என்றான்.

"அவர் சொல்றபடி கேளுங்க, விளையாடாதீங்க" என்றாள் லெனோர். என்னைப் பார்த்து, "நீங்க இருக்கறதாலதான் எனக்கு நிம்மதி" என்றாள்.

அங்கே நின்ற எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் ரோட்டுக் கார் மட்டும் ஓட்டுகிறவர்கள். மெதுவாகப் போகச் சொன்னதற்கு யாரைத் தண்டிப்பீர்கள்? நானே இதைப் பல நாள் எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு நண்பனை ஜாக்கிரதையாகப் போகச் சொன்னேன், அவ்வளவுதான். வேறு எதையும் தொடவில்லை. ஒரு திருகாணியைக் கூடத் தளர்த்தவில்லை.

சர்ச் வளைவு என்று நாங்கள் சொல்கிற இடத்துக்கு முன்னால் பாதை இறக்கமாக ஓடும். இரண்டு பக்கமும் பைன் மரங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே வெயில் விழாது. கீழே சிமெண்டுச் சுவர். மூன்றாவது சுற்றில் அவன் அங்கே முழு வேகத்தில் இறங்கி பிரேக்கை மிதித்தான். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் திரும்பவே இல்லை, நேராகப் போனது. நான் பார்க்கவில்லை. மேலே, கார்கள் வந்து நிற்கிற பிட்டின் சுவர் அருகே நின்று கேட்டேன். இன்ஜின் சத்தம் ஏறி வந்தது, பிறகு இல்லை. மோதின சத்தம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்த இல்லாமைதான் ஞாபகம்.

இப்போது அந்த இல்லாமை என் வீட்டில் இருக்கிறது. குளிர்பெட்டி ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்குமே, அப்போது நான் எங்கே இருந்தாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். மறுபடி அது ஓட ஆரம்பிக்கும்வரை எடுக்க மாட்டேன். போன வாரம் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பால் கெட்டுப்போனது. சத்தம் நிற்பது நிற்கவில்லை.

லெனோர் ஞாயிறுதோறும் உருளைக்கிழங்கு கேசரோல் கொண்டுவந்து தருகிறாள். என் சமையலறை மேசையில் உட்கார்ந்து அழுவாள். "அவரை ஜாக்கிரதையாப் போகச் சொன்னது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் கர்ட். கேக்காமப் போயிட்டாரே" என்பாள். நான் அவளுக்குக் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுப்பேன். மே மாதம் காரிலிருந்து எடுத்த அந்த நுரை இருக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாள். தன்னால் பார்க்க முடியவில்லையாம், தூக்கிப் போடவும் மனசு வரவில்லையாம். கராஜில் வைத்திருக்கிறேன். அவன் முதுகும் தோளும் அதில் அப்படியே குழிந்திருக்கின்றன. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அது இன்னும் மோசம், யாரோ என்னோடு கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் அதில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது பெரிது. அவன் அகலமான ஆள்.

ஹார்லன் விஷயம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் எழுதப் போவது, தவறான யோசனை சொன்னான் என்பதாக இருக்கும். ஒரு பயிற்சியாளன் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டான் என்று. சரி. அதற்குக் கையெழுத்துப் போடத்தான் வந்தேன். வீட்டிலிருந்து இங்கே வருகிறவரை அவ்வளவுதான் சொல்வதாக இருந்தேன்.

ஆனால் காரில் ரேடியோ இருந்தது. ஹெட்செட் ஒன்றே ஒன்று, என் தலையில். இரண்டாவது சுற்று முடிய இருக்கும்போது அவன் பேசினான். எங்கள் சிநேகிதத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கேலி இல்லை. சிரிப்பு இல்லை.

"கர்ட், கார் ஒரு மாதிரி இருக்கு. கால் வச்சாப் பிடிக்க மாட்டேங்குது. வழுக்குது. எனக்குப் பயமா இருக்குடா. உள்ள வந்துடட்டுமா?"

பிட்டுக்குள் வரும் வழி அவனுக்கு முன்னால்தான் இருந்தது. அந்தக் கார் வந்துகொண்டிருந்த வேகத்துக்கு, நான் ஒரு வார்த்தை சொல்ல ஏராளமான நேரம் இருந்தது. லெனோர் எனக்குப் பக்கத்தில் நின்று கிரிங்கிள் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள், அவன் வந்ததும் கொடுப்பதற்கு. என்ன சொல்றார் என்று சைகையால் கேட்டாள். நன்றாக இருக்கிறதாம் என்று கட்டை விரலைக் காட்டினேன்.

அவன் பதிலுக்குக் காத்திருந்தான். அவன் மூச்சு என் காதில் கேட்டது. எனக்கு அவனை அவ்வளவு பிடித்திருந்தது அந்த நேரத்தில், டெபுடி. அதை எப்படி எழுதுவீர்களோ தெரியவில்லை.

"எல்லாம் சூடாயிடுச்சு ரஸ். இனிமே நல்லாப் பிடிக்கும். மிதி" என்றேன்.