அரசியல் அறிவியல் பி.ஏ., டிரைவிங் மாஸ்டர்

இல்ல மேடம், உங்க படிப்பை நான் குறை சொல்லல. நானும் அதேதான் படிச்சேன், அந்த வயித்தெரிச்சல்ல சொல்றேன். முழுசா மூணு வருஷம். ஒரு அரியர் கூட கிடையாது. கிளட்ச்சை இன்னும் அமுக்குங்க. அடி வரைக்கும். ஆங், இப்ப ரெண்டாவது கியர். பாத்தீங்களா, நாலாவது நாள்லயே கை வந்துருச்சு.

உங்க பாடம் எனக்கு எப்படித் தெரியும்னா? நீங்க சேரும்போது ஃபாரம் எழுதிக் குடுத்தீங்கள்ல, அதுல இருந்துச்சு. அரசியல் அறிவியல் துறைத் தலைவர்னு பாத்ததும், இந்த மேடத்தை நான் பாத்துக்கறேன்னு ஓனர்கிட்ட கேட்டு வாங்கினேன். மத்த மாஸ்டருங்க எல்லாம் சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். நேரா போங்க. அந்தத் தண்ணி லாரி முன்னாடி போகட்டும், நமக்கென்ன அவசரம்.

நீங்க கேட்டதுக்கு வரேன். அந்தப் படிப்பால எனக்கு என்ன வந்துச்சு? சொல்றேன். படிச்சு முடிச்சு முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். ஒரு டயர் கம்பெனி, ஆபீஸ் வேலை. அரசியல் அறிவியல்னா லேப்ல என்னங்க செய்வீங்கன்னு கேட்டாரு. நெஜமாத்தான் கேட்டாரு மேடம், கிண்டல் இல்ல. ரெண்டாவது இடத்துல, எந்தக் கட்சின்னு கேட்டாங்க. எந்தக் கட்சியும் இல்ல சார்னேன். நம்பல. கட்சிக்காரங்களை நாங்க எடுக்கறதில்ல தம்பின்னு ஃபைலை மூடிக் கையில குடுத்துட்டாரு.

என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவன் ஒருத்தன். பள்ளிக்கூடத்தையே தாண்டல, ஏசி ரிப்பேர் கத்துக்கப் போயிட்டான். நான் அரசியலமைப்பு, இறையாண்மைன்னு உருப்போட்டுட்டு இருந்த மூணு வருஷமும் அவன் கைநீட்டிச் சம்பளம் வாங்கினான். இப்ப மூணு வேன் ஓடுது அவனுக்கு. மூணுக்கும் டிரைவர் பழக்கி விட்டது யாரு? நான்தான். இண்டிகேட்டர் போடுங்க மேடம், இடது பக்கம் திரும்பறோம்.

இந்த வேலையும் டிகிரியைப் பாத்து குடுத்ததில்ல. நாப்பது நாள்ல எடுத்த லைசென்ஸ் சோறு போடுது. மூணு வருஷம் கஷ்டப்பட்டு வாங்கினது பீரோவுல தூங்குது. போன வருஷம் வீடு மாத்தினப்ப அந்தப் புத்தகத்தை எல்லாம் கட்டி எடைக்குப் போட்டேன். நாலு கிலோ சொச்சம். மறுநாள் என் பொண்ணு கடைக்காரன்கிட்ட போயி, போட்ட விலைக்கு ரெட்டை விலை குடுத்து திருப்பி வாங்கிட்டு வந்துட்டா. எனக்குத் தெரிஞ்சு அந்தப் படிப்புக்கு விலை ஏறினது அந்த ஒரு தடவைதான்.

சிரிக்காதீங்க, ரோட்டைப் பாருங்க.

ஒரே பொண்ணு. பதினேழு முடியல. படிச்சா இதைத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னா. நானும் சண்டை போடல மேடம், கூப்பிட்டு உக்கார வெச்சு கணக்கு போட்டுக் காட்டினேன். மூணு வருஷ ஃபீஸு, பஸ்ஸு, சாப்பாடு, அந்த மூணு வருஷத்துல சம்பாதிக்காம விட்டது, அப்புறம் வேலை தேடி நாயா அலைஞ்ச ரெண்டு வருஷம். எல்லாத்தையும் கூட்டினா ஒரு புது கார் வருது மேடம். நானே சொந்தமா ஸ்கூல் வெச்சிருக்கலாம். நிதானமாப் பாத்தா. பாத்துட்டு, செலவுப் பக்கம் மட்டுந்தானேப்பா இருக்கு, வரவுப் பக்கத்தை எங்க விட்டீங்கன்னா. இருந்தாத்தானம்மா எழுதறதுக்குன்னேன். வார லீவு வாங்கினீங்களே, அதை எழுதுங்கன்னா.

அது ஒண்ணும் பெரிய கதை இல்ல. எங்க ஸ்கூல்ல முன்னாடி லீவே கிடையாது. ஞாயித்துக்கிழமைதான் கூட்டமே வரும். மாஸ்டருங்க ஒம்பது பேரும் முதுகு வலின்னு புலம்புவானுங்க, ஓனர் முன்னாடி வாயத் திறக்க மாட்டானுங்க. நான் ஒருநாள் ராத்திரி உக்காந்து, எந்தச் சட்டத்துல என்ன இருக்கு, குடுக்கலைன்னா எந்த ஆபீசுக்குப் போகலாம்னு எழுதி, ஒம்பது பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கி ஓனர் மேஜையில வெச்சேன். மூணு வாரம் என்கூட பேசல அவரு. நாலாவது வாரம் லீவு போர்டு எழுதி மாட்டிட்டாரு. சம்பளத்தோட.

நீங்களும் அவளை மாதிரியே அது வரவு இல்லையான்னு கேக்கறீங்க பாத்தீங்களா! அதை எதுல சேக்கறது மேடம்? ஒம்பது பேரோட முதுகு வலியை நான் என் வருமானத்துல காட்டிக்க முடியுமா? வாடகை கேட்டு வர்றவர்கிட்ட, சார், நான் லீவு வாங்கிக் குடுத்தவன்னு சொன்னா விட்டுருவாரா? சும்மா எரிச்சலைக் கிளப்பாதீங்க. ஸ்டியரிங்கை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க, அது ஓடிப் போயிடாது.

என் பொண்ணும் அப்படித்தான். எங்க குடியிருப்புல திடீர்னு தண்ணிக் கட்டணத்தை ஏத்தினாங்க. எல்லாரும் திட்டிக்கிட்டே கட்டினோம். இவ மட்டும் சங்கத்தோட விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கூட்டம் போட்டு ஓட்டு எடுக்காம ஏத்தக் கூடாதுன்னு பக்கம் நம்பரோட காட்டினா. செயலாளர் பாவம், பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு. கட்டின பணம் திரும்பி வந்துச்சு. எங்க வீட்டம்மா மருந்துக் கடையில வேலை பாக்கறா, அங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் ஒரு மாசம் இதே பேச்சு.

எனக்குப் பெருமை இல்லையான்னா? இருந்துச்சு. பயமும் இருந்துச்சு. ஏன்னா நானும் அப்படித்தான் மேடம் இருந்தேன் அந்த வயசுல.

அவ எந்தக் காலேஜுக்குப் போட்டான்னு கேக்கறீங்களா? உங்க காலேஜுதான். உங்க துறைதான். கிடைக்கல. மார்க்கா? நல்ல மார்க்குதான். தொண்ணூத்தி மூணு சதவீதம்.

தெரியும் மேடம். அந்த மார்க்குக்குக் கண்டிப்பா கிடைச்சிருக்கணும், எனக்கும் தெரியும். என்னது? இன்னும் ரெண்டு சீட்டு காலியாவா கிடக்கு? வெள்ளிக்கிழமை வரைக்கும் நிரப்பலாமா? ம்.

அந்த ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏத்துங்க.

அக்கவுண்ட்ஸ் கோர்ஸ்ல சேத்துட்டேன், வேற காலேஜு. திங்கக்கிழமை கிளாஸ். அவ அஞ்சே நாள்ல உங்க காலேஜோட சேர்க்கை விதிகளை பிரிண்ட் எடுத்துட்டு வந்து, அடிக்கோடு போட ஆரம்பிச்சுட்டா. சீட்டு குடுக்கலைன்னா காரணம் சொல்லணும்னு விதி இருக்குப்பான்னா. இருக்கா மேடம்? இருக்கும். அவ சொன்னா இருக்கும். மூணு பக்கத்துக்கு மனு எழுதியிருக்கா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்க ரூமுக்கு வருவா. சின்னப் பொண்ணுதானேன்னு நினைச்சுடாதீங்க, கையில நகல் வெச்சிருப்பா.

மனுல என்ன கேட்டிருக்கான்னா, முதல் ரெண்டு கேள்வி மார்க்கு, இட ஒதுக்கீடு பத்தி. மூணாவதுதான் சிக்கல். உங்க காலேஜ்ல லிஸ்ட் ஒட்டறதில்லையே, ஆளாளுக்கு மெசேஜ்தான அனுப்பறீங்க. எனக்கு அனுப்பினீங்களா, அனுப்பியிருந்தா எந்தத் தேதி, எந்த நம்பருக்கு, அதுக்கு அத்தாட்சி குடுங்கன்னு கேட்டிருக்கா.

அப்ளிகேஷன் போட்ட சமயத்துல அவ போன் ரிப்பேர் மேடம். என் நம்பரைத்தான் குடுத்தா.

வந்துச்சு. பன்னெண்டாம் தேதி, மத்தியானம். பக்கத்துல ஒரு நர்ஸம்மா ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தாங்க. ரெண்டு தடவை படிச்சேன், ஏழு நாளுக்குள்ள வந்து சேரணும்னு போட்டிருந்துச்சு. அழிச்சுட்டேன். இருபது வருஷமா அடுத்தவங்க ஓட்டற வண்டிக்கு நான் இந்தப் பக்கம் உக்காந்து பிரேக் போட்டுட்டு இருக்கேன், காலு பழகிப் போச்சு. அவ என்னை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் மேடம் நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல.

ஏன் நடு ரோட்டுல நிறுத்திட்டீங்க? பின்னாடி ஹார்ன் அடிக்கறான் பாருங்க. ஓரமாப் போடுங்க. பரவால்ல, நான் பாத்துக்கறேன், விடுங்க.

உங்ககிட்ட மறைக்கல மேடம். மெசேஜே போகல, மெஷின் கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னு கேக்கத்தான் உங்களைக் கேட்டு வாங்கினேன். நாலு நாளா வாய் வரைக்கும் வந்துட்டு உள்ள போயிடுது. இப்ப வேணாம். அப்படிச் சொன்னா அந்த மெஷினைக் காட்டுங்கன்னு அடுத்த மனு போடுவா. மெசேஜ் போன நம்பரையே காட்டிடுங்க. என்னால சொல்ல முடியல, அவ அதைப் படிச்சே தெரிஞ்சுக்கட்டும். சீட்டை மட்டும் குடுத்துருங்க மேடம்.

மனுவோட கடைசி வரியில என்ன கேட்டிருக்கான்னா? என் வாய்ப்பு போனதுக்கு யார் காரணமா இருந்தாலும் அவங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு எழுதியிருக்கா. இன்னும் பதினெட்டு ஆகலையே, அதனால கீழ பெற்றோர் கையெழுத்து வேணுமாம். நேத்து பேனாவைத் திறந்து கையில குடுத்தா, பக்கத்துலயே நின்னா. போட்டுக் குடுத்துட்டேன் மேடம்.