வடலிப் பாதையின் வேப்பங்குழை

எறும்பு முகம் கழுவும், இன்ஸ்பெக்டர் சார். நிறையப் பேருக்கு இது தெரியாது. வெயில் ஏறும் முன் வாழையடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முன்னங்காலால் மீசையை வளைத்து இழுத்து, வாயில் வைத்து வழித்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும். அதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். மனிதர்களில் அவ்வளவு சுத்தம் பார்ப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

என்னைப் பற்றி ஊரில் விசாரித்திருப்பீர்கள். அரசாங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டுக் களக்காட்டு வாழைத்தோட்டத்தில் வந்து கிடக்கிறார், தில்லைநாயகம் சாருக்குப் பூச்சிக் கிறுக்கு என்று சொல்லியிருப்பார்கள். கிறுக்கு இல்லை. பூச்சிகளைப் பார்த்து எனக்கு அருவருப்பு வருவதில்லை, அவ்வளவுதான். செத்த ஓணானுக்குள் புழு நெளிவதை முகத்தருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். உலையில் அரிசி கொதிப்பது போல ஒரே சீராக நெளியும். அதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு மனிதன் சாப்பிடுவதை அவ்வளவு பக்கத்தில் என்னால் பார்க்க முடியாது.

கருத்தையா சாப்பிடுவதைத் தினமும் கேட்க வேண்டியிருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச அவனைத்தான் வைத்திருந்தேன். அவனும் அவன் மனைவி சுடலைவடிவும் மோட்டார் அறைக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். நல்ல உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய சோற்றுத் தண்ணீரைச் சத்தமாக உறிஞ்சுவான். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்புவான். பிறகு புகையிலையை அதக்கிக்கொண்டு, கடைவாயில் வழிவதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே என் கேமராப் பையைப் பிடுங்குவான்.

"குடுங்க அண்ணாச்சி, நான் தூக்கியாறேன். ஒங்களுக்குத் தோள் வலிக்கும்லா."

அன்பாகத்தான் சொல்வான். அவன் போன பிறகு பையின் வாரை நான் கிருமிநாசினி போட்டுத் துடைப்பேன்.

புரட்டாசியில் தோட்டத்தின் தெற்கு மூலையில், ஒரு வடலியில் கடந்தை கூடு கட்டியது. நீங்கள் வேலூர்ப் பக்கம் என்றார்கள், அதனால் சொல்கிறேன். வடலி என்பது இன்னும் வளராத குட்டைப் பனை. காய்ந்த ஓலை கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். கடந்தை பெரிய குளவி. கூட்டமாகக் கொட்டினால் ஆள் தப்புவது கஷ்டம்.

முதலில் கண்டது கருத்தையாதான். உடனே வடலிக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, இலையோடு ஒரு வேப்பங்குழையை முறித்து அதில் தொங்கவிட்டான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இது வழக்கம். குழை தொங்கினால் அந்தப் பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள். வாடினால் புதுக்குழை மாற்றுவார்கள். கூட்டை அழித்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். குழை இல்லையென்றால் கூடும் இல்லை என்று எல்லோரும் நம்பி நடப்பார்கள்.

"அங்கன போயிராதிய அண்ணாச்சி," என்றான். "தீயணைப்புக்காரங்களுக்குச் சொல்லணும். நான் போன் போடட்டா?"

"நீ வேலயப் பாரு. நான் சொல்லிக்கிடுதேன்," என்றேன்.

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்து கொளுத்திவிடுவார்கள். அந்தக் கூட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பானை அளவு இருக்கும், மேலெல்லாம் பழுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஓடும். காய்ந்த மரத்தைச் சுரண்டி மென்று, அந்தக் கூழால் அவை பூசியது. தூரத்து லென்ஸைப் போட்டுத் தினமும் எடுத்தேன். வாசலில் காவல் நிற்பது, இறக்கையால் விசிறிக் கூட்டைக் குளிர்விப்பது எல்லாம் கிடைத்தன. கொடுக்கு மட்டும் கிடைக்கவில்லை. கடந்தை சும்மா இருக்கும்போது கொடுக்கை வெளியே நீட்டாது. அது எதையாவது கொட்ட வேண்டும்.

அந்த நாட்களில்தான் ஒரு வாழையிலையின் அடிப்பக்கம் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்று முட்டையிட்டிருந்தது. ஒவ்வொரு முட்டையும் தலைமுடியைவிட மெல்லிய நூலின் நுனியில் தனித்தனியாக நிற்கும். அவை பொரிவதைப் படமெடுக்கக் காலைதோறும் தவம் கிடந்தேன். ஒருநாள் நான் கேமராவை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே கருத்தையா வந்தான். மூக்கைச் சிந்தினான். அந்த இலையை எட்டி இழுத்துக் கையைத் துடைத்தான். முட்டைகள் சளியில் ஒட்டிக்கொண்டு, மஞ்சளாக, நூல் நூலாகத் தொங்கின.

"சளி பாடாப் படுத்துது அண்ணாச்சி," என்று சிரித்தான்.

வாய்க்கால் கரைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அவன் பதறி ஓடி வந்து என் முதுகைத் தடவிவிட்டான். அதே கையால். அந்த ஈரம் சட்டை வழியாக முதுகில் பட்டது. எத்தனை முறை குளித்தும் அந்த இடம் எனக்குத் தெரிகிறது.

மறுநாள் விடிந்ததும் குழையை அவிழ்த்தேன். படத்தின் ஓரத்தில் விழுந்து கெடுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கயிற்றோடு சுருட்டி மோட்டார் அறைப் பரணில் போட்டேன். அந்த அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வடலி தெரியும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தேன். லென்ஸை வலையோடு ஒட்டி வைத்தால் படத்தில் வலை தெரியாது.

கருத்தையா வாழைச் சருகு அறுக்க அரிவாளோடு வந்தான். பாதையில் குழை இல்லாததைப் பார்த்தான். அப்படியே போயிருக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் அன்றைக்கு ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"கடந்தைய அழிச்சாச்சா அண்ணாச்சி?"

பொய் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் போய் வடலியை ஒட்டிய சருகை இழுத்தான். ஓலை ஆடியது. அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம்தான் ஓடி வந்தான். வருவான் என்று எனக்குத் தெரியும். கடந்தை துரத்தினால் மனிதன் கதவுள்ள இடத்துக்குத்தான் ஓடுவான். அதனால் முன்பே தாழ் போட்டுவிட்டு, பக்கத்தில் எடுக்கும் லென்ஸை மாட்டி வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, கதவத் தொறங்க. தொறங்க அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கழுத்து வலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. படம் அங்கேதான் கிடைத்தது. கொடுக்கு முழுதாக நீண்டு, நுனியில் விஷத்துளி உருண்டு நிற்கிறது. கேமரா உங்களிடம்தான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வேர்வையும் எச்சிலும் வழியும் அந்தத் தோல்தான் படத்தைக் கெடுக்கிறது. நகத்தில் அழுக்கோடு ஒரு விரலும் விழுந்திருந்தது. அதைப் படத்திலிருந்து நான் வெட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சுடலைவடிவு தலைவிரி கோலமாக என் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அவுக கட்டுன குழைய ஆரு அவுத்தா?" அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் பரணில் ஏறித் தேடினீர்கள்.

ஆமாம், நான்தான் அவிழ்த்தேன். அவன் சாவான் என்று தெரிந்துதான் அவிழ்த்தேன். தெரிந்துதான் தலையாட்டினேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் வந்து கூட்டைக் கொளுத்தினார்கள். உள்ளே இறக்கை முளைக்காத குஞ்சுகள் இருந்தன, வெள்ளை வெளேரென்று. ஒவ்வொன்றாக வெடித்துக் கீழே விழுந்தன. அவை என்ன பாவம் செய்தன? என்னால் தாங்க முடியவில்லை, அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். எனக்கு இரக்கமே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.