கடைசிக் கவளம்

– வழிய மறிக்காத ரத்மி. நகரு. நான் பெத்த பொண்ணுக்கு என் கையால ஊட்டப்போற கடைசிக் கவளம்டி அது. அதையும் வேணாம்னுட்டு எழுந்து போயிட்டா. யாரால? உன்னால!

– அக்கா, மெதுவா. கூடத்துல விருந்தாளிங்க உக்காந்திருக்காங்க.

– உக்காரட்டும். உங்கத்தானும்தான் உக்காந்திருக்காரு, கையில ஒரு உருண்டை மஞ்சச் சோத்தோட. கீழ வைக்கவும் முடியல, தின்னவும் முடியல, சாமியார் மாதிரி மேல பாத்துக்கிட்டிருக்காரு. ஏழு கிணத்துத் தண்ணி ஊத்திப் பொண்ணக் குளிப்பாட்டியாச்சு. கூம்பாக் குவிச்ச சோத்து நுனிய வெட்டியாச்சு. இனி அப்பன் ஆத்தா ஊட்டணும், அவ முழுங்கணும். அதோட இந்த வீட்டுச் சோறு அவளுக்கு முடிஞ்சுது. நாளைக்கு வேற வீடு. எம்பொண்ணு லிந்தாங் என்ன சொல்றா? "சோறு வேணாம்மா, வெறும் முட்டையா ஊட்டு"ங்கறா. சபை நடுவுல!

– பயப்படுறாக்கா. நாளைக்குக் கெபாயாச் சட்டைக்குப் பொத்தான் போட்டாகணும்ல.

– ஒரு கவளத்துக்குப் பொத்தான் தெறிச்சிடுமாக்கும்?

– ஒரு கவளத்தோட நிக்காது. சோறு உள்ள போனா சர்க்கரையாகுது. சர்க்கரை இடுப்புல போய் உக்காருது. இதை எத்தனை தடவை சொல்றது?

– சொன்ன தாயே, சொன்ன. ஞாயித்துக்கிழமை ஆனா தெருப் பொம்பளைங்கள வரிசையா நிக்க வச்சு, கையத் தூக்கு, காலத் தூக்கு, சோத்த விடுன்னு சொன்ன. இப்ப இந்தத் தெருவுல எந்த வீட்டுல ஒழுங்கா உலை கொதிக்குது? சந்தையில அரிசி விக்கிறவ என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. உன் கூடப் பொறந்த பாவத்துக்கு!

– பலன் கண் முன்னாடி நிக்குதே. என்னைப் பாரு.

– பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நோன்புப் பெருநாளைக்குத் தச்ச சட்டையத்தான போட்டிருக்க? ரெண்டு தரம் பிடிச்சுத் தச்சும் ஊக்கு குத்தி நிக்குது.

– எல்லாரும் பத்து வயசு குறைஞ்சிடுச்சுங்கறாங்க.

– நம்ம அப்பாவைக்கூடத்தான் சொன்னாங்க. தொப்பை கரைஞ்சு, வேட்டிய ரெண்டு சுத்து கூடச் சுத்திக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தாரு. ஊரே மெச்சுச்சு. அடுத்த அறுவடைய அவர் பாக்கல.

– இப்ப எதுக்கு அப்பாவை இழுக்கிற? நல்ல நாளும் அதுவுமா!

– அதுக்கு ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

– ஒண்ணுமில்ல. அந்தச் செம்ப எடு. தண்ணி குடிக்கணும்.

– இப்பத்தான ஒரு செம்பு குடிச்ச?

– வெயில்க்கா. கொளுத்துது.

– சரி சரி, குடி. குடிச்சிட்டு என் கூட வா. சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்றதுக்குள்ள ஊட்டி முடிக்கணும். நீ சொன்னாத்தான் அவ கேப்பா. பெத்தவ பேச்சு எனக்கே கேக்கறதில்ல, அவளுக்கு எங்க கேக்கப்போகுது.

– நான் எப்படிக்கா சொல்றது? ஒரு வருஷமா வேணாம்னு சொன்ன வாயால, இன்னைக்குத் தின்னுன்னு சொன்னா அவ சிரிக்க மாட்டாளா?

– சிரிக்கட்டுமே! சிரிச்சாலாவது வாயத் திறப்பா. நம்ம தாத்தா ஒரு வேளைக்கு மூணு தட்டுச் சோறு தின்னாரு. வயிறு முதுகோட ஒட்டிக் கிடந்துச்சு. அவரு இடுப்புல எந்தச் சர்க்கரை உக்காந்துச்சு?

– தாத்தா விடியறதுக்கு முன்னாடி ஏர் பிடிச்சாரு. நீ முக்குக் கடையில பச்சை மிளகா வாங்க மோட்டார் வண்டியில போற.

– அப்ப குத்தம் வண்டி மேலயா, சோத்து மேலயா?

– பேச்ச மாத்தாத.

– எங்க மாத்தினேன்? எதுத்த வீட்டு சார்த்தி என் பானையிலயேதான் தின்னா. அவ விளக்குமாத்துக் குச்சி, நான் குதிரு. சோறு ஆளப் பாத்தா போய் உக்காருது? மூட்டை தூக்குறவன் தின்னா மறுநாளே காணாம போகுது. உக்காந்து தின்னா உக்காருது. அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் சோத்தத் திருடன் மாதிரி வீட்டுக்குள்ள விடாம...

– அம்மா! சித்தி! நீங்க ரெண்டு பேரும் கத்துறது மைக் இல்லாமலே கூடம் வரைக்கும் கேக்குது.

– வாடி லிந்தாங், வா மகராசி. தலை கூடத் துவட்டாம ஈரத்தோட நிக்கிறியே. குளிக்கறப்பவே ஒரு தரம் மயங்கி விழுந்தாச்சு, இன்னும் ஒரு தரம் விழணுமா?

– தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சும்மா. அவ்வளவுதான்.

– ஜில்லுன்னு இருந்தா பல்லு கிட்டும்டி, கண்ணு சொருகாது. மூணாவது செம்பு ஊத்தறப்போ சாஞ்சியே, நான் பிடிக்கலைன்னா தொட்டிக் கல்லுல மண்டை போயிருக்கும். நேத்திக்கு என்ன தின்ன? சித்தி முன்னாடியே சொல்லு.

– வெள்ளரிக்கா. ரெண்டு முட்டை.

– முந்தாநாள்?

– வெள்ளரிக்கா.

– என்ன லிந்தாங் இது? சோத்தைக் குறைன்னு சொன்னேன். பட்டினி கிடன்னு நான் எப்பச் சொன்னேன்?

– குறைன்னா சொன்னீங்க சித்தி? அடியோட விடுன்னு சொன்னீங்க. நானும் அடியோட விட்டேன். நாலு மாசம் ஒரு பருக்கை தொடல. அப்பவும் ஒரு கிலோ ஏறிச்சு. அதான் கடைசியில எல்லாத்தையும் விட்டுட்டேன்.

– ஏறாம? என்னத்த விட்டா இவ? நான் சொல்றேன் கேளு ரத்மி. காலையில சீனி போட்ட டீ, கூட வாழைக்கா பஜ்ஜி. மத்தியானம் நூடுல்ஸ். சாயங்காலம் லொந்தோங், ஒண்ணு இல்ல, மூணு. கேட்டா "நான் சோறே தொடல"ங்கறா. அரிசிய இலையில சுத்தி அவிச்சா அது சோறு இல்லையாம்!

– அம்மா, நம்ம ஊர்ல லொந்தோங்க யாராவது சோறுன்னு சொல்லுவாங்களா? நீயே போன வாரம் ஒரு சட்டி நூடுல்ஸ் தின்னுட்டு, மேல ரொட்டியும் தின்னுட்டு, "இன்னும் சாப்பிடல, வயிறு காயுது"ன்னு தட்ட எடுத்த.

– அது... சோறு தின்னாத்தான்டி சாப்பிட்ட மாதிரி.

– அப்ப நானும் சாப்பிடலதான? சரிதான?

– வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ. எல்லாம் சரி, இப்ப வா. அப்பா கையில சோறு ஆறிப்போச்சு. ஒரே ஒரு வாய். எலுமிச்சை அளவு. நான் இந்த நாளுக்காக எத்தனை நாளா காத்துக் கிடக்கேன் தெரியுமா? எங்கம்மா எனக்கு ஊட்டின அந்தக் கவளம் இன்னும் எனக்கு நாக்குல இருக்குடி.

– அம்மா, அழாத. நீ அழுதா எனக்கும் அழுகை வந்துடும். புரிஞ்சுக்கோம்மா. நிச்சயத்தன்னைக்கு அவரோட அக்கா என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாதா? "அரிசி மூட்டைக்குப் பட்டு சுத்தின மாதிரி இருக்கு"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க. அவர் பக்கத்துல நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு ராத்திரி என்னைத் தூக்கி உக்கார வச்சது சித்திதான். "நான் குறைக்கலையா? சோத்த விடு, எல்லாம் போகும்"னு சொன்னாங்க. நாளைக்கு அந்த அக்கா முன்னாடி நான் சித்தி மாதிரி போய் நிக்கணும்மா. அவ்வளவுதான் எனக்கு வேணும்.

– என்னை மாதிரியா? வேணாம் லிந்தாங். என்னை மாதிரி வேணாம்.

– ஏன் சித்தி? ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்களே. அந்த வைராக்கியத்துல பாதி எனக்கு இருந்தா போதும்.

– அதெல்லாம் ஒண்ணும் வைராக்கியம் இல்ல. போய் அம்மா கையால வாங்கிக்கோ, போ.

– நீங்க முதல்ல ஒரு வாய் தின்னுங்க. நீங்க தின்னா நானும் தின்றேன்.

– அப்படிப் போடு! கேட்டியா ரத்மி? பொண்ணு நியாயமாத்தான் கேக்கறா. இரு, ராத்திரி சடங்குக்கு வச்சிருக்கிற ரெண்டாவது கூம்பு இங்கதான் மூடி வச்சிருக்கேன். சூடா ஒரு உருண்டை எடுத்துக்கறேன், உனக்கும் அவளுக்கும். இந்த இலைய... யா அல்லா!

– என்னம்மா?

– எவ பண்ணின வேலைடி இது? முன்னால பாத்தா மலை மாதிரி நிக்குது. பின்னால பாரு, குகை! கை போற அளவுக்குக் குடைஞ்சிருக்கு!

– பூனையா இருக்கும்க்கா.

– எந்த ஊர்ப் பூனை மிளகாச் சம்பல் தொட்டுக்கிட்டுத் தின்னும்? கிண்ணம் வழிச்சு வச்சிருக்கு பாரு. சோயாத் தெம்பே வறுவலையும் காணோம். இந்தச் சமையக்கட்டுக்கு விடிஞ்சதுலேர்ந்து நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் வரல. நானும், நீயும்.

– யாராவது பிள்ளைங்க...

– சித்தி. உங்க கையக் காட்டுங்க.

– எதுக்கு?

– நகமெல்லாம் மஞ்சளா இருக்கே.

– உனக்குப் பூசின மஞ்சள்டி. குளிக்கறதுக்கு முன்னாடி.

– எனக்குப் பூசினது அலங்காரம் பண்ண வந்த அம்மா. நீங்க செம்புல தண்ணி மட்டும்தான் ஊத்தினீங்க. சித்தி... சித்தி! முந்தானைய விரிங்க. ஐயோ, சோத்துப் பருக்கை!

– அடிப் பாவி! அடிக் கள்ளி! ஊருக்கெல்லாம் உபதேசம், உனக்கு மட்டும் கூம்புச் சோறா? எத்தனை நாளாடி நடக்குது இந்தத் திருட்டு?

– அக்கா, சிரிக்காத.

– எப்படிச் சிரிக்காம இருக்கறது? வயிறு வலிக்குதுடி எனக்கு! அரிசிக்காரிகிட்ட ஓடிப்போய்ச் சொல்லணும் போல இருக்கு. எல்லாரையும் வெள்ளரிக்காய மெல்ல விட்டுட்டு, இவ பின்பக்கமா மலையக் குடையறா!

– சொல்லுங்க சித்தி, எத்தனை நாளா? இன்னைக்கு மட்டுமா?

– இல்ல.

– அப்ப?

– தினமும்.

– தினமுமா? ஒரு வருஷமாவா? அப்ப நீங்க விடவே இல்லையா?

– ஒரு நாளும் விடல. எல்லாரும் "எப்படி இளைச்ச, எப்படி இளைச்ச"ன்னு கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியல. சந்தையில எவளோ சொன்னா, "சோத்த விட்டுட்ட போல"ன்னு. ஆமான்னுட்டேன். அதையே எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நிம்மதியா இருந்துச்சு.

– பாத்தியா லிந்தாங்! நான் சொன்னது சரியாப் போச்சா? சோத்தால யாரும் பெருக்க மாட்டாங்க. உன் சித்தியே சாட்சி!

– ஐயோ சித்தி, நான் எத்தனை நாள் வாசனை பிடிச்சுக்கிட்டே தூங்கினேன் தெரியுமா? உங்கள என்ன பண்ணலாம்? சரி, போகட்டும். அம்மா, வா. ஊட்டு. எலுமிச்சை அளவு இல்ல, தேங்கா அளவு ஊட்டு. அந்த அக்கா என்ன வேணா சொல்லிக்கட்டும், பொத்தான் தெறிச்சா அவங்க மூக்குலயே போய் விழட்டும்!

– என் ராசாத்தி! இதுக்குத்தான்டி காத்துக்கிட்டிருந்தேன். ஏங்க, எழுந்திருக்காதீங்க, வர்றோம்! கையக் கீழ வச்சிடாதீங்க! லிந்தாங், அந்தப் பக்கமா வா, குளியலறை வாசல்ல கால வச்சிடாத. ரெண்டு நாளா அங்க எறும்பு புத்து மாதிரி மொய்க்குது. எவ அங்க சீனித் தண்ணியக் கொட்டறாளோ தெரியல.

– வர்றேன்மா, ஒரு நிமிஷம். சித்தி, காதோட காதா எனக்கு மட்டும் சொல்லிடுங்க. நிறையச் சோறும் தின்னுட்டு இப்படி இளைக்கிறதுக்கு என்ன ரகசியம்?

– ரகசியம் ஒண்ணும் இல்லடி கண்ணு. எவ்வளவு தின்னாலும் பசி அடங்கல, தின்னத் தின்ன இளைச்சுக்கிட்டே போறேன்; அந்த எறும்பு நான் ஒண்ணுக்குப் போன இடத்துலதான் மொய்க்குது, எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு... நீ போய் முதல்ல வாயத் திற, அம்மா ஊட்டி முடிக்கிற வரைக்கும் அவகிட்ட சொல்லிடாத.