சிவப்புப் பொட்டு கலைந்த விவகாரம்

என் பெயர் மணிமாறன், தகப்பனார் பெயர் சோலைமுத்து, வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தற்போது ஷார்ஜா ரோலாவில் ஒரே ரூமில் ஐந்து பேருடன் வசித்து வருகிறேன். தொழிற்பேட்டையில் உள்ள துப்பாக்கி சுடும் கிளப்பில், வாடிக்கையாளர்கள் சுட்டுவிட்டு வைத்த துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சரியாகச் சுடுகிறதா என்று பார்த்து ஸ்டோரில் வைப்பது என் வேலை. என் பேரில் திருட்டுப் புகார் கொடுத்துள்ள முகம்மது ரிபாய் அவர்கள் எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர், காயல்பட்டினத்துக்காரர். அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம், பறவை அல்ல என்பதை, நான் சொல்வதை எழுதி அரபியில் மாற்றும் சந்தியா மேடம் கவனிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

ரம்ஜான் முடிந்து கிளப்பில் கார்பைன் ஒன்று வாங்கினார்கள். பார்க்க நீளத் துப்பாக்கி, ஆனால் உள்ளே போடுவது கைத்துப்பாக்கியின் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா. அதற்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும், குறிபார்க்க எந்தக் கண்ணாடி மாட்டலாம் என்று முடிவு செய்யச் சொல்லி எங்களுக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீல், ரிபாய் காக்காவிடமும் என்னிடமும் ஒப்படைத்தார். முதலில் தோட்டா பார்த்தோம். காக்கா மலிவான நூற்றுப் பதினைந்து கிரெயின் பெட்டியைக் கொண்டுவந்தார். அது போட்ட மேகசின் எல்லாவற்றிலும் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. நூற்று இருபத்து நான்கு கிரெயின் போட்டதும் மழையில் நனைந்த மாடு மாதிரி அடங்கி வேலை செய்தது. கிரெயின் என்பது குண்டின் எடை. நான் அதை விளக்குவதற்குள் மேடம் தானியம் என்று எழுதிவிட, வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி அவர்கள் என்னிடம் கோதுமையா என்று கேட்டார்கள். அல்ல.

நான் நூற்று இருபத்து நான்குதான் சரி என்று சொன்னதில் காக்காவுக்கு மனத்தாங்கல். கஃபீலும் என் பக்கம் பேசிவிட்டதால் காக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாட்டுக்குக்கூட தனியாகப் போய் உட்கார்ந்தார். வேலை செய்கிற இடத்தில் இது பெரிய வேதனை. அதன் பிறகு கண்ணாடி விஷயத்தில் அவர் என்ன சொன்னாலும் ஆமாம் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

காக்காவுக்குத் தூரத்துப் பொருளைப் பக்கத்தில் காட்டும் பெரிய குழல் கண்ணாடி மேல் ஆசை. எங்கள் ஹாலில் குறி இருப்பதோ கூப்பிடு தூரத்தில். ஆகவே ரெட் டாட் வாங்கச் சொல்லி கஃபீல் உத்தரவு. சிறிய கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும், அதைக் குறியில் வைத்துச் சுட வேண்டியதுதான். நாங்கள் அதைப் பொட்டு என்போம். துபாய் கடையிலிருந்து அது வந்ததும் காக்கா மாட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, பொட்டு கலைஞ்சு போய்க் கிடக்கு" என்றார். இதைச் சொன்னபோது சந்தியா மேடம் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருடைய பொட்டு சரியாகவே இருந்தது.

காக்கா என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உருண்டையாக, அழகாக இருந்தது. பெரிய குழல் வாங்கச் சாக்கு தேடுகிறார் என்று நினைத்து, "ஆமா காக்கா, கலைஞ்சுதான் இருக்கு" என்றேன். கடைக்காரர் முதலாவதைத் திருப்பிக் கேட்காமலே வேறு அனுப்பினார். அதுவும் கலைந்திருந்ததாகக் காக்கா சொன்னார், நானும் சொன்னேன். அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பிரியாணி சாப்பிட்டார். எனக்கும் மனசு குளிர்ந்தது. மூன்றாவதும் அப்படியே என்றதும் கடைக்காரர், நாங்கள் அனுப்பியது எல்லாம் ஒரிஜினல், உங்களிடம்தான் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு காக்கா என்னை ஸ்டோருக்கு அழைத்துப்போய், "இது டூப்ளிகேட்தானே?" என்று கேட்டார். ஆமா காக்கா என்றேன். "அப்ப ஒரிஜினல யாரோ அடிச்சிருக்கான்?" ஆமா காக்கா என்றேன். "ஸ்டோர் சாவி உன்கிட்டதான இருக்கு?" அதற்கும் ஆமா காக்கா என்றேன். மூன்றாவது ஆமாவைச் சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று எனக்கு உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்கள், அது நான்தான். திருட்டு என்று முடிவானால் விசா கேன்சல், மறுபடி இந்த நாட்டுக்குள் வர முடியாது.

இங்கே ஸ்டேஷனில் அதிகாரி அவர்கள் மூன்று கண்ணாடிகளையும் மேசையில் வைத்துத் தாமே பார்த்தார்கள். பிறகு பக்கத்திலிருந்த போலீஸ்காரரைப் பார்க்கச் சொன்னார்கள். இருவரும் உருண்டை என்றார்கள். காக்கா மட்டும் கலைந்த பொட்டு, திராட்சைக் கொத்து மாதிரி இருக்கிறது என்றார். அடுத்து என்னைக் கேட்டார்கள். நான் கண்ணாடியைப் பார்க்குமுன் வழக்கம்போல் காக்கா முகத்தைப் பார்த்துவிட்டேன். அதிகாரி அவர்கள் மேசையைத் தட்டி, "அவரப் பாக்காத, இதப் பாரு" என்றதாக மேடம் சொன்னார். நான் பார்த்துவிட்டு, "உருண்டையா இருக்கு காக்கா. மொத நாள்ல இருந்தே உருண்டைதான்" என்றேன்.

அதன் பிறகு அதிகாரி அவர்கள் கண்ணாடிக்குள் போனை வைத்துப் படம் எடுத்துக் காக்காவிடம் காட்டினார்கள். படத்தில் பொட்டு உருண்டை. நேரில் பார்த்தால் காக்காவுக்குக் கொத்து. அதிகாரியின் தம்பிக்கும் இப்படித்தானாம், கண்ணில் கோணல் இருந்தால் புள்ளி சிதறித் தெரியுமாம். காக்கா, "எங்கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே புகாரை வாபஸ் வாங்கும் காகிதத்தைக் கை நீளும் மட்டும் தள்ளிப்பிடித்துப் படித்தார், அப்படியும் பேனாவைக் கோட்டுக்குக் கீழே வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

கஃபீலுக்குப் போன் போட்டபோது அவர் கலாஸ், அதாவது முடிந்தது, என்று சொல்லி வைத்துவிட்டார். விவகாரம் முடிந்ததா, என் வேலை முடிந்ததா என்று தெரியாமல் நின்றேன். காக்காதான், "காலைல டூட்டிக்கு வந்துரு" என்றார். சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும், "இருந்தாலும் கடைக்காரன் மட்டமான சரக்கத்தான் அனுப்பியிருக்கான், என்ன மணிமாறா?" என்று கேட்டார். நான் இல்ல காக்கா என்றேன். அவர் நாளை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது. எல்லாம் உண்மைதானா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். அதிகாரி அவர்கள் காக்காவை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு தடவை கேட்டார்கள். அப்போதும் ஆமாம் என்றேன்.

(ஒப்பம்) சோ. மணிமாறன்